பெட்டிக்குள் ஒரு தாள் வையுங்கள்

மோட்டார் சைக்கிளுக்கான மாற்று உதிரிபாகங்களைத் தயாரிப்பவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கும், கடையிலும் இணையத்திலும் விற்பவர்களுக்கும் வணக்கம்.

மண் பாதைப் பந்தய வண்டியின் தோற்றம் தரும் டிராக்கர் பாணிக்காக நீங்கள் விற்கும் ஹேண்டில்பார் பெட்டியைத் திறந்தால் ஹேண்டில்பார் இருக்கிறது. இரண்டு ஸ்டிக்கரும் இருக்கின்றன. அந்த பாரை மாட்டினால் கிளட்ச் கேபிள் எத்தனை சென்டிமீட்டர் நீளமாக வேண்டும், திருப்பும்போது டேங்க்கில் இடிக்குமா, எந்த கிளாம்ப்புக்குப் பொருந்தும் என்று சொல்லும் தாள் மட்டும் இல்லை. 19 இன்ச் ரிம்மும் இப்படித்தான் வருகிறது, டிராக்கர் சீட்டும் இப்படித்தான் வருகிறது. வாங்கியவர் அதைத் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் பட்டறைக்கு வருகிறார். அவர் கையில் இருப்பது ஒரு பாகம். அதைத் தொட்டால் பின்னாலேயே இழுபட்டு வருவது ஆறேழு வேலை. அந்த வேலைகளை விற்கும்போதே சொல்லாததால் பாதி கட்டிய வண்டிகள் பட்டறை ஓரத்தில் நிற்கின்றன. பாதி வேலை மட்டும் முடித்த வண்டிகள் சாலையில் ஓடுகின்றன. எங்களுக்குப் பயம் தருவது இந்த இரண்டாவது வகைதான்.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பாகத்தோடும் ஒரு பக்கத் தாள் ஒன்றைப் பெட்டிக்குள் வையுங்கள்: இந்தப் பாகம் வேறு எதையெல்லாம் மாற்றச் சொல்கிறது, எங்கே அளந்து பார்க்க வேண்டும், எதற்கு எவ்வளவு இறுக்கம். அந்தத் தாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை ஒரு வண்டியை வைத்தே சொல்லிவிடுகிறோம்.

ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-ஐ எடுத்துக்கொள்வோம். 2018 நவம்பரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த, சென்னையை அடுத்த ஆலையில் உருவாகும் வண்டி. 648 சி.சி. இரட்டை சிலிண்டர், இரும்புக் குழாய் ஃப்ரேம், பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பர், ஸ்போக் சக்கரம். பழைய தோற்றத்தில் ஸ்ட்ரீட் டிராக்கர் கட்ட நினைப்பவர்கள் இதைத் தேடி வருவதில் ஆச்சரியமில்லை. 2020-ல் இதே எஞ்சினை வைத்து அந்த நிறுவனம் அமெரிக்க ஃப்ளாட் டிராக் பந்தயத்திலும் இறங்கியது. ஆனால் அந்தப் பந்தய வண்டியின் ஃப்ரேம் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் தனியாகச் செய்தது. சாலை வண்டியின் ஃப்ரேம் அல்ல. பந்தய வண்டியின் படத்தைப் பெட்டி மேல் அச்சடித்து சாலை வண்டிக்கான பாகத்தை விற்கும்போது இந்த வித்தியாசத்தையும் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு.

டிராக்கரின் உருவம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்பதும் தெரிந்துவிடும். அமெரிக்காவின் மண் பாதைகளில், அரை மைல், ஒரு மைல் நீள்வட்டத்தில், இடப்பக்கம் மட்டுமே திரும்பி ஓடும் பந்தயம் அது. 1970-ல் வந்த ஹார்லி எக்ஸ்.ஆர். 750 அதன் அடையாளமாகவே ஆனது. பின்சக்கரம் வழுக்கிக்கொண்டே போகும்போது பிடித்துத் திருப்ப அகலமான பார் வேண்டும். மண்ணுக்கான டயர்கள் 19 இன்ச்சில் வந்ததால் முன்னும் பின்னும் 19. சுற்றுகளை எண்ணிக் குறிப்பவர்கள் தூரத்திலிருந்தே படிக்க வேண்டும் என்பதால் பக்கவாட்டில் பெரிய எண் பலகை. பந்தய வண்டிகளில் முன் பிரேக்கே கிடையாது. இவற்றில் சாலைக்கு உதவக்கூடியது பாரின் அகலமும் நிமிர்ந்து உட்காரும் வாகும்தான். மற்றவை அழகுக்காக. அழகு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, அதற்காகத்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. அந்த அழகுக்கு எவ்வளவு வேலை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்கிறோம்.

சக்கரத்திலிருந்து தொடங்குவோம். அதிகமாகத் தவறு நடப்பது அங்கேதான்.

இன்டர்செப்டரில் கம்பெனி டயர் முன்னால் 100/90-18, பின்னால் 130/70-18. கணக்குப் போட்டால் முன் டயரின் விட்டம் 637 மி.மீ., பின் டயரின் விட்டம் 639 மி.மீ. இதற்குப் பதில் ஃப்ளாட் டிராக்கில் வழக்கமான 130/80-19, 140/80-19 ஜோடியைப் போட்டால் முன்னால் 691, பின்னால் 707. அதாவது முன் அச்சு 27 மி.மீ., பின் அச்சு 34 மி.மீ. உயர்கிறது. இந்த இரண்டு எண்களிலிருந்தே எல்லாத் தொல்லையும் கிளைவிடுகிறது.

முன் ஃபோர்க் 110 மி.மீ. அமுங்கும். கம்பெனி டயருக்கு ஏற்றபடி விட்டிருந்த இடைவெளியில் 27 மி.மீ.யை நீங்கள் ஏற்கெனவே தின்றுவிட்டீர்கள். பெரிய பள்ளத்தில் ஃபோர்க் முழுக்க அமுங்கும்போது டயர், ஃபோர்க் குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கும் கீழ் யோக்கைத் தொடலாம், மட்கார்டு போல்ட்டைத் தொடலாம், எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் ஆயில் கூலரையும் புகை வெளியேறும் பெண்ட் பைப்பையும் தொடலாம். சென்டர் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி விரல் விட்டுப் பார்த்து "இடம் இருக்கு" என்று சொல்வது சோதனை ஆகாது. ஃபோர்க் மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டு, ஜாக்கி மீது வண்டியை மெதுவாக இறக்கி, ஃபோர்க் அடிவரை அமுங்கிய நிலையில் பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். எந்த இடத்திலும் குறைந்தது 10 மி.மீ. இருக்க வேண்டும். வேகத்தில் டயர் சற்று விரியும், கட்டை வைத்த டயர் கல்லைக் கவ்விக்கொண்டு வரும். முன்பக்கம் உயரமாகத் தெரிகிறதே என்று ஃபோர்க் குழாயை யோக்கில் 10 மி.மீ. மேலே தள்ளிப் பூட்டுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கீழ் யோக்குக்கும் டயருக்கும் நடுவில் மிஞ்சியிருந்த அந்த 10 மி.மீ.யும் போய்விடும்.

பின்னால் ஷாக் அப்சார்பர் இரண்டையும் கழற்றிவிட்டு, ஷாக் பூட்டியிருந்தபோது சக்கரம் தொங்கிய நிலையிலிருந்து அதை 88 மி.மீ. மேலே தூக்கிப் பாருங்கள். அதுதான் கம்பெனி கொடுத்திருக்கும் பயணம். மட்கார்டின் உட்பக்கம், ஒயரிங் கிளிப், மட்கார்டு போல்ட்டின் நீட்டிக்கொண்டிருக்கும் முனை ஆகிய மூன்றும்தான் முதலில் டயரைக் கிழிப்பவை. போல்ட்டைத் தலைகீழாகப் போட்டு, தலை டயர் பக்கம் வருமாறு பூட்டினாலே ஒரு பிரச்சினை தீரும். பக்கவாட்டில் ஸ்விங் ஆர்முக்கும் செயினுக்கும் நடுவில் 140 அகல டயர் நிற்கிறதா என்பதை, செயினை இறுக்கிய பிறகு அச்சு இருக்கும் இடத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

அடுத்தது திருப்பும் குணம். இன்டர்செப்டரின் ஃபோர்க் சாய்வு 24 டிகிரி. முன்சக்கரத்தின் ஆரம் 27 மி.மீ. கூடினால் டிரெயில், அதாவது திருப்பும் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம், சுமார் 12 மி.மீ. கூடும். பின்பக்கம் 7 மி.மீ. அதிகம் உயர்வதால் அதில் இரண்டு மி.மீ. திரும்ப வரும். மிச்சம் பத்து. நேராக ஓடும்போது வண்டி உறுதியாக இருக்கும், ஆனால் நெரிசலில் வளைக்கும்போது கை கனக்கும். அகலமான பார் இதை ஈடுகட்டும் என்பதால் இரண்டையும் சேர்த்து மாற்றியவர் புகார் சொல்வதில்லை. சக்கரத்தை மட்டும் மாற்றி, பாரை அப்படியே விட்டவர்தான் ஒரே வாரத்தில் திரும்பி வருவார்.

கியர் விகிதமும் மாறுகிறது. கம்பெனி ஸ்பிராக்கெட் முன்னால் 15 பல், பின்னால் 38 பல். பின் டயரின் சுற்றளவு 10.5 சதவீதம் கூடியதால் எஞ்சின் அந்த அளவுக்கு இழுக்கத் திணறும். பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் பின்னால் 42 பல் போட வேண்டும். நான்கு பல் கூடினால் செயினில் இரண்டு கண்ணி கூட வேண்டும், செயின் கார்டில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். முன்னால் 14 பல் போட்டுச் சமாளிப்பது மலிவான வழி, கிடைப்பது ஏழு சதவீதம்தான். அதோடு செயின் சிறிய வளையத்தில் மடங்குவதால் தேய்மானமும் அதிகம். ஸ்பீடோமீட்டர் எந்தச் சக்கரத்தின் சுழற்சியிலிருந்து வேகத்தை எடுத்தாலும் 8 முதல் 10 சதவீதம் குறைத்துக் காட்டும். கம்பெனி வழக்கமாகக் கூட்டிக் காட்ட விட்டிருக்கும் பாதுகாப்பு மிச்சம் அதில் கரைந்துவிடும். வேகத்தை அளக்கும் கேமராவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பற்றித் தனியே சொல்ல வேண்டும். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில் ஏ.பி.எஸ். கட்டாயம், புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலிருந்து, மற்ற எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரலிலிருந்து. ஹப்போடு இருக்கும் பல் வளையம்தான் சக்கர வேகத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்கிறது. 19 இன்ச் சக்கரத்தை வேறு ஹப்போடு சேர்த்து விற்கும்போது அந்த வளையம் இல்லை என்றால், அல்லது பல் எண்ணிக்கை வேறு என்றால், எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஏ.பி.எஸ். வேலை செய்யாது. விளக்கின் மேல் டேப் ஒட்டிக்கொண்டு ஓட்டுபவர்களை நாங்கள் பார்க்கிறோம். பல் வளையம் அதே எண்ணிக்கையில் இருந்தாலும் சென்சாருக்கும் அதற்கும் உள்ள இடைவெளி கம்பெனி கையேட்டில் சொன்ன அளவில் இருக்க வேண்டும். ஹப் ஸ்பேசர் ஒரு மி.மீ. தள்ளிப் போனாலும் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். உங்கள் தாளில் முதல் வரியாக இருக்க வேண்டியது இதுதான்: இந்தச் சக்கரம் கம்பெனி ஹப்பில் ஏறுமா, பல் வளையம் உண்டா, இல்லையா.

கம்பெனி ஹப்பிலேயே 19 இன்ச் ரிம் கட்டுவது சரியான வழி. ரிம்மின் ஆரம் அரை இன்ச் கூடுவதால் ஸ்போக் ஏறத்தாழ 12 மி.மீ. நீளமாக வேண்டும். பழைய ஸ்போக்கை இழுத்துப் பிடித்து, அதை ரிம்மில் பூட்டும் நிப்பிளின் நுனியில் மூன்று மரையில் நிறுத்துவதும், கைக்குக் கிடைத்த நீள ஸ்போக்கைப் போட்டுவிட்டு நிப்பிளுக்கு மேல் துருத்தும் முனையை அறுக்காமல் விடுவதும் இரண்டும் ஆபத்து. முதலாவதில் மரை உரிந்து சக்கரம் தளரும், இரண்டாவதில் ட்யூப் குத்துப்படும். கட்டி முடித்து கோட்டம் எடுத்தபின் பக்க ஆட்டமும் மேல்கீழ் ஆட்டமும் ஒரு மி.மீ.க்குள் வர வேண்டும். 200 கி.மீ. ஓடியபின் மறுபடி எல்லா ஸ்போக்கையும் தட்டிப் பார்த்து இறுக்க வேண்டும். புது ஸ்போக் இருக்கையில் அமர அந்த தூரம் ஆகும். தாளில் ஸ்போக் நீளம், தடிமன், நிப்பிள் மரை, ரிம்முக்கு ஏற்ற டயர் அகலத்தின் எல்லை ஆகிய நான்கும் இருந்தால் எங்களுக்குப் பாதி நாள் மிச்சம்.

பின்னால் 19 இன்ச்சுக்குச் சாலை டயர் தேடும்போதுதான் வாங்கியவருக்கு உண்மை உறைக்கும். எளிதில் கிடைப்பது பழைய புல்லட்டுக்கான 3.25-19. அது 350 சி.சி. வண்டியின் எடைக்கும் வேகத்துக்கும் செய்தது. 47 குதிரைத்திறன் இழுக்கும் வண்டியின் பின்சக்கரத்துக்கு அது பொருந்தாது. டயர் பக்கச் சுவரில் பி எழுத்து இருந்தால் வேக எல்லை மணிக்கு 150 கி.மீ., எஸ் என்றால் 180, ஹெச் என்றால் 210. 650 அந்த 150-ஐத் தாண்டக்கூடிய வண்டி. எழுத்துக்கு முன்னால் இருக்கும் எண் சுமைக்கானது, அதைக் கம்பெனி டயரின் எண்ணுக்குக் கீழே போக விடக்கூடாது. பந்தயத்துக்கு மட்டும் என்று பக்கத்தில் எழுதிய மண் டயரை "சாலைக்கும் ஓகே" என்று சொல்லி விற்பதை நிறுத்துங்கள். அந்த ரப்பர் ஈரத் தாரில் பிடிக்காது.

எங்கள் கருத்தைக் கேட்டால், தினமும் ஓட்டும் வண்டிக்கு 18 இன்ச் சக்கரத்தையே விட்டுவிட்டு, அதே அளவில் கட்டை வைத்த சாலை டயர் போட்டாலே டிராக்கர் தோற்றம் முக்கால்வாசி வந்துவிடும். முன்னால் மட்டும் 19 வேண்டும் என்றால் 100/90-19 சாலை டயர் தாராளமாகக் கிடைக்கிறது. இதை உங்கள் விற்பனையாளர் வாயிலிருந்து கேட்டால் வாங்குபவர் உங்களை அதிகம் நம்புவார்.

வண்டி உயர்ந்ததால் வரும் சின்ன வேலைகள் சில. சீட் உயரம் 804-லிருந்து 835 மி.மீ. பக்கம் போகிறது. சைடு ஸ்டாண்டு குட்டையாகிவிடும், வண்டி அதிகம் சாயும், மென்மையான மண்ணில் விழும். 25 முதல் 30 மி.மீ. நீட்ட வேண்டும், வெட்டி ஒட்டாமல் உள்ளே கம்பி செருகி வெல்ட் செய்ய வேண்டும். சென்டர் ஸ்டாண்டு பயன்படாது, கழற்றிவிடலாம்.

அடுத்தது ஹேண்டில்பார். இதை எல்லோரும் அரை மணி நேர வேலை என்று நினைக்கிறார்கள்.

டிராக்கர் பார் என்றால் 820 முதல் 860 மி.மீ. அகலம், குறைந்த உயரம், பின்னோக்கிய வளைவு. இன்டர்செப்டரின் கிளாம்ப் 22 மி.மீ. பாருக்கானது. நடுவில் 28 மி.மீ. தடித்த பார் வாங்கினால் பாரைத் தாங்கும் ரைசரும் மாற்ற வேண்டும். 22 பாரைத் தடித்த ரைசரில் தகடு சுற்றிப் பூட்டுவது, பிரேக் பிடிக்கும்போது பார் முன்னால் உருளுவதற்கான நேர்வழி. கிளாம்ப்பின் நான்கு போல்ட்டையும் குறுக்குக் குறுக்காக இறுக்க வேண்டும், 8 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். அலுமினிய பாரில் இதைத் தாண்டினால் கிளாம்ப் விளிம்பில் வடு விழும், பின்னாளில் வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு முளை இருக்கும். கம்பெனி பாரில் அதற்குத் துளை உண்டு, உங்கள் பாரில் இல்லை. நிறைய இடங்களில் முளையை வெட்டி எறிந்துவிட்டுப் பெட்டியை இறுக்கிவிடுகிறார்கள். ஆக்சிலரேட்டர் பக்கம் இதைச் செய்தால் முழுக்கத் திருகும்போது பெட்டியே பாரில் சுழலும், கேபிள் இழுபட்டு நிற்கும். முதலில் உட்கார்ந்து பார்த்துச் சரியான கோணத்தைக் குறித்துக்கொண்டு, முளையின் தடிமனுக்கு ஏற்ற துளையை ஒரு பக்கச் சுவரில் மட்டும், வளைவிலிருந்து தள்ளி, போட்டு ஓரத்தை மழித்துவிட வேண்டும். இதையே நீங்கள் ஆலையில் துளையிட்டு அனுப்பினால் என்ன? வண்டி மாடலுக்கு ஏற்ற ஒரு துளை, உங்களுக்குச் சில நொடி வேலை.

பாரை மாட்டிய பிறகு செய்ய வேண்டிய மூன்று சோதனைகளையும் தாளில் எழுதுங்கள். ஒன்று, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்ப வேண்டும், ஆர்.பி.எம். ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது, வழித்தடத்தை மாற்ற வேண்டும் அல்லது நீளக் கேபிள் வேண்டும். யூ டர்ன் போடும்போது வண்டி தானாகப் பாய்வது இதனால்தான். இரண்டு, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் முழுக்க நீண்ட நிலையில் பிரேக் ஹோஸ் விறைப்பாக இல்லையா என்று இரு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். நீள ஹோஸ் தேவைப்பட்டால் அதைப் பூட்டும் பேஞ்சோ போல்ட்டில் ஹோஸ் முனையின் இரு பக்கமும் புது செம்பு வாஷர், டாட் 4 பிரேக் ஆயில், முழுமையாகக் காற்று எடுத்தல், ஏ.பி.எஸ். யூனிட்டைப் பிரித்தால் காற்று எடுப்பது வேறு கதை, அதனால் லீவர் பக்க ஹோஸைக் கழற்றுவதற்கு முன் கையேட்டைப் படிக்கச் சொல்லுங்கள். மூன்று, முழுத் திருப்பத்தில் சுவிட்ச் பெட்டிக்கும் டேங்குக்கும் நடுவே கட்டைவிரல் நுழைய வேண்டும். விரல் நசுங்கும் அளவுக்கு இடம் குறைந்தால் ரைசரை உயர்த்தலாம். திருப்பத்தையே குறைக்க ஸ்டாப்பரில் இரும்பு ஒட்டுவது தவறு, நெரிசலில் வண்டி வளையாது.

சீட்டைப் பற்றி: போல்ட்டில் உட்காரும் சீட்டும் உண்டு, ஃப்ரேமை வெட்டச் சொல்லும் சீட்டும் உண்டு. இரண்டாவது வகையைப் பெட்டியின் வெளியே பெரிய எழுத்தில் சொல்லுங்கள். ஃப்ரேமின் வாலை வெட்டினால் ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டுக்குப் பின்னால்தான் வெட்ட வேண்டும், அந்தப் பூட்டுத் தகட்டின் வெல்டைத் தொடக்கூடாது. புது வளைவுக் குழாயை ஃப்ரேம் குழாயோடு முட்டவைத்து மேலோட்டமாக ஒட்டினால் முதல் வேகத்தடையில் விரிசல் விடும். உள்ளே இறுக்கமாக நுழையும் துண்டுக் குழாய் 60 மி.மீ. நீளத்துக்குக் குறையாமல் செருகி, பக்கத்தில் துளையிட்டு அதன் வழியாக முதலில் ஒட்டி, பிறகு சுற்றிலும் ஒட்ட வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் இரு முனையையும் கழற்றி, எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி, ஏ.பி.எஸ். பெட்டி இரண்டின் பிளக்கையும் உருவிவிட்டு, எர்த் கிளாம்ப்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். சீட்டை மெலிதாக்க மின்சாமான்களை வேறு இடத்துக்கு நகர்த்துகிறவர்கள், வண்டி கவிழ்ந்தால் எஞ்சினை நிறுத்தும் உணரி இருந்தால் அதை முன்பு இருந்த அதே திசையில் பூட்ட வேண்டும். படுக்கவைத்துவிட்டு "ஸ்டார்ட் ஆகலை" என்று இரண்டு நாள் ஒயரைத் தேடுவது எங்களுக்கு வாடிக்கை.

சைலன்சரில் சுருக்கமாக மூன்று விஷயம். பின்பகுதியை மட்டும் மாற்றுவதும் பெண்ட் பைப்போடு முழு அமைப்பையும் மாற்றுவதும் ஒன்றல்ல என்று வாங்குபவருக்குத் தெரியாது. முழு அமைப்பை மாற்றும்போது புகையைச் சுத்தம் செய்யும் பகுதியும் போய்விட்டால் அது சட்டப்படி வேறு குற்றம். ஆக்சிஜன் சென்சாரின் மரை அளவை அச்சடியுங்கள். குழாய் எஞ்சினோடு சேரும் இடத்துக்கான கேஸ்கெட்டைப் பெட்டியிலேயே சேர்த்துக் கொடுங்கள். பழையதையே மறுபடி போட்டால் காற்று உள்ளே போய், ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் படபடவென்று வெடிக்கும். அதை டிராக்கர் சத்தம் என்று பெருமைப்படுகிறார்கள், அது கசிவு. 175 சி.சி.க்கு மேற்பட்ட இரு சக்கர வண்டிக்குச் சத்தத்தின் எல்லை 80 டெசிபல். உங்கள் சைலன்சரைச் சோதித்து வந்த எண்ணை அதன் உடம்பிலேயே பொறித்துக் கொடுங்கள். பக்கவாட்டில் உயர்த்திய குழாய் என்றால் தொடைக்கும் அதற்கும் நடுவில் காற்று ஓடும்படி பத்து மி.மீ. தள்ளி நிற்கும் வெப்பத் தகடு இல்லாமல் விற்காதீர்கள்.

எல்.ஈ.டி. இண்டிகேட்டர் மாட்டினால் படபடவென்று வேகமாக அடிப்பதற்குக் காரணம் சுமை குறைந்துபோனது. பத்து வாட் பல்ப் இருந்த இடத்தில் இரண்டு வாட் வந்தால் ஃப்ளாஷர் பல்ப் போய்விட்டது என்று நினைக்கிறது. நீங்கள் கொடுக்கும் 10 ஓம் ரெசிஸ்டர் 14 வோல்ட்டில் 20 வாட் சூட்டைக் கக்கும். அதை ஒயர் கட்டோடு சேர்த்து டேப் சுற்றினால் இன்சுலேஷன் உருகும். ஃப்ரேமின் இரும்பில் போல்ட் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள், இல்லையேல் தனி ஃப்ளாஷர் உள்ள வண்டிகளுக்கு எல்.ஈ.டி.க்கான எலக்ட்ரானிக் ஃப்ளாஷரையே விற்றுவிடுங்கள். அதுதான் சுத்தமான வேலை.

இனி சட்டம். வாங்குபவரிடம் யாருமே பேசாத பகுதி இது, பிடிபடும்போது தண்டம் கட்டுபவரும் அவர்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். அதே பிரிவு உங்களையும் விடவில்லை: முக்கியப் பாதுகாப்புப் பாகம் என்று அரசு அறிவித்த எதையும் தரத்துக்குப் பொருந்தாமல் விற்றால் பாகத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ. பின்னால் ஆள் ஏறும் வண்டிக்குப் பிடிமானம், கால்மிதி, பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைத்து அதில் துணி சிக்காமல் காக்கும் தடுப்பு மூன்றும் விதி 123-ன்படி வேண்டும். குட்டை வாலும் ஒற்றைச் சீட்டும் விற்கும்போது இதைச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. பின் நம்பர் பிளேட் 200-க்கு 100 மி.மீ. அளவில், வெள்ளை விளக்கு வெளிச்சத்தில் 15 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும். டிராக்கரின் பக்கப் பலகையில் உங்கள் இஷ்ட எண்ணை எழுதலாம், பதிவெண்ணை அங்கே மட்டும் எழுத முடியாது. டேங்க் நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். மாற்றங்களைச் சொல்லாமல் விட்டால் விபத்து இழப்பீட்டின்போது காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கும்.

பாரும் கால்மிதியும் கைப்பிடியும் கழற்றி மறுபடி பழையதைப் பூட்டக்கூடியவை. வெட்டிய ஃப்ரேம் அப்படியல்ல. பெட்டியின் மேல் "பழைய நிலைக்குத் திருப்பலாம்" அல்லது "திருப்ப முடியாது" என்ற ஒரே ஒரு வரி, வாங்குபவரை ஒரு நிமிடம் யோசிக்க வைக்கும்.

தாள் தயாரிக்க ஆள் இல்லை, மாடல் மாடலாக யார் அளப்பது என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வண்டியில் ஒரு முறை மாட்டிப் பார்த்தால் போதும், மாட்டியவர் எடுத்த அளவுகளைத் தமிழிலும் எழுதி அச்சடியுங்கள். மாட்டிப் பார்க்க வண்டியும் பட்டறையும் தேவைப்பட்டால் எங்கள் லிஃப்ட்டும் கருவிகளும் இருக்கின்றன. முதலில் ஹேண்டில்பாரிலிருந்து தொடங்குவோம். தாளில் இருக்க வேண்டியவை இவ்வளவுதான்: பாரின் விட்டம், அகலம், உயரம், பின்வளைவு, எந்த ஆண்டு, எந்த மாடலுக்கு மாட்டிப் பார்த்தது, கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ் மூன்றும் கம்பெனி நீளத்தில் போதுமா, போதாவிட்டால் எத்தனை மி.மீ. கூட வேண்டும், சுவிட்ச் முளைக்கான துளையின் இடமும் விட்டமும், பார் முனை எடைக்கான மரை, கிளாம்ப் போல்ட்டின் இறுக்கம், முழுத் திருப்பத்தில் டேங்க்கிலிருந்து அளந்த இடைவெளி, மேலே சொன்ன மூன்று சோதனைகள், 100 கி.மீ.க்குப் பிறகு மறுபடி இறுக்கிப் பார்க்கும் இடத்தில் கையெழுத்துக்கு ஒரு கட்டம்.

இப்படிக்கு,
இந்த வண்டிகளைப் பிரித்துப் பூட்டும் ஃபிட்டர்கள், வெல்டர்கள், ஒயரிங் வேலைக்காரர்கள்